ஆயா பெயரில் ஒரு கையெழுத்து

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரை நடந்து முடிக்க இப்போதெல்லாம் எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது. முன்பு மூன்றில் முடிப்பேன். வயசு ஏறியது ஒரு காரணம், வழியில் கடைகள் ஏறியது இன்னொரு காரணம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஒலிபெருக்கி. ஒரு பாட்டு முடியும் இடத்தில் இன்னொரு பாட்டு பாதியில் பிடித்துக்கொள்ளும். திருவண்ணாமலையில் வாழ்பவனுக்கு இந்த இரைச்சல் காதில் விழாது, பழகிவிடும்.

அன்றைக்கு அடி அண்ணாமலையைத் தாண்டியதும் ஒன்று விழுந்தது. கற்பூரம், அகல்விளக்கு, கல்கண்டு பொட்டலம் என்று விரித்திருந்த ஒரு தரைக்கடை. பதினைந்து வயசு இருக்கும் ஒரு பையன். ஒலிபெருக்கி வாங்க வசதியில்லை போலிருக்கிறது, கைபேசியை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் போட்டு வைத்திருந்தான். சொம்பு நன்றாகவே பாடியது. 'என்ஜாய் எஞ்சாமி'. நெற்றி நிறைய விபூதியோடு நடந்துவந்த பெரியவர் ஒருவர் நின்று, "டேய், சாமி பாட்டு போடுடா" என்றார். பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இதுவும் சாமி பாட்டுதாங்க. எஞ்சாமி."

பெரியவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மீதி வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே நடந்துவந்தது.

நம் பக்கத்துச் சொற்களில் 'சாமி' போல இரண்டு முகம் உள்ளது வேறு இல்லை. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் கிழவி 'எஞ்சாமி' என்பாள். அதே கிழவி காலையில் அடுத்தவர் நிலத்தில் களை பறிக்கப் போகும்போது, வரப்பில் நிற்கும் பேரன் வயசுப் பையனையும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். முதலாவது பாசம், இரண்டாவது கட்டளை. ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் இரண்டும் வரும். இந்தச் சொல்லை வரப்பிலிருந்து பிடுங்கி, மண்ணையும் ஆற்றையும் நாயையும் பூனையையும் கூப்பிடுகிற சொல்லாக ஒருவர் மாற்றிக் காட்டினார். 2021 மார்ச்சில் அந்தப் பாட்டு வந்தபோது அவருக்கு முப்பது வயசுகூட ஆகியிருக்கவில்லை. அறிவு. முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். ஊர் அரக்கோணம்.

அரக்கோணம் எங்கே, திருவண்ணாமலை எங்கே என்று கேட்கலாம். 1989-க்கு முன்னால் கேட்டிருக்க மாட்டீர்கள். இரண்டும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். கோடுகளைப் பின்னால் பலமுறை மாற்றிப் போட்டார்கள். பேச்சு மாறவில்லை. பாட்டிக்கு ஆயா, கிண்டலுக்கு நக்கல், சாவு வீட்டுக்குப் பறை. ஊரையும் சேரியையும் பிரிக்கிற ஓடையோ தார்ச்சாலையோ எல்லா இடத்திலும் உண்டு.

அறிவைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் ஒரு வார்ப்பைக் கையில் வைத்துக்கொள்கின்றன. சேற்றில் முளைத்த செந்தாமரை, குப்பத்தில் கண்டெடுத்த முத்து. நானும் அப்படி எழுதியிருக்கிறேன், இவரைப் பற்றி அல்ல, வேறு சிலரைப் பற்றி. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த வார்ப்பில் ஒரு பொய் இருக்கிறது. முத்தெடுத்தவன் கை பெரிதாகத் தெரியும், முத்து விளைந்த கடல் காணாமல் போகும்.

இந்தப் பொய்க்கு வயசு நூறு. அமெரிக்கக் கருப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1925-ல் வாஷிங்டனில் ஒரு பெரிய ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கும் வேலை பார்த்தார். வேச்சல் லிண்ட்ஸே என்ற பிரபலக் கவிஞர் அங்கே சாப்பிட வந்தபோது, தன் கவிதைகள் சிலவற்றை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அன்றிரவே லிண்ட்ஸே அவற்றை மேடையில் வாசித்து, தட்டு எடுக்கும் பையனில் ஒரு கவிஞனைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். மறுநாள் செய்தியாளர்கள் ஓட்டலுக்கு வந்துவிட்டார்கள். கண்டுபிடிக்க அங்கே என்ன இருந்தது? ஹியூஸின் புகழ்பெற்ற கவிதை ஒன்று 1921-லேயே கருப்பின மக்களின் இதழான 'தி கிரைசிஸ்'ஸில் அச்சாகியிருந்தது. முதல் தொகுப்பைப் பதிப்பாளர் ஏற்றுக்கொண்டு, சில வாரங்களில் அது வெளிவரவும் இருந்தது. கருப்பு வாசகர்களுக்கு அவர் நாலு வருஷமாகத் தெரிந்தவர். வெள்ளைப் பத்திரிகைகளுக்குத்தான் அவர் அன்றைக்குப் பிறந்தார்.

அவரை வளர்த்தது யார் என்று பார்த்தால் அங்கேயும் ஒரு ஆயா. கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில் பாட்டி மேரி லாங்ஸ்டன். அடிமை முறையை எதிர்த்து 1859-ல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியவர்களில் ஒருவர் அந்த அம்மாவின் முதல் கணவர். அங்கேயே அடிபட்டுச் செத்தார். அந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லித்தான் பேரனை வளர்த்தார். பையன் எழுத்தைப் பள்ளியில் கற்றான், எதை எழுதுவது என்பதை மடியில் கற்றான்.

இனி வள்ளியம்மாளுக்கு வருகிறேன்.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மலையகத்துக்கு ஆள் பிடித்துப் போன கதை தமிழர்களுக்குப் புதிதில்லை. பஞ்சம் துரத்த, கங்காணி இழுக்க, மன்னார் வழியாகக் காட்டில் நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு ஒரு சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து தலைகளை எண்ணினார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம். யாரையும் கேட்கவில்லை. கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களில் பலருக்கு, தாத்தா காலத்தில் விட்டுப் போன ஊரில் ஒரு அடி நிலம்கூட இல்லை.

'என்ஜாய் எஞ்சாமி' இந்தக் கதைதான். மரம் வளர்த்தவனுக்கு நிழல் இல்லாமல் போன கதை. துள்ளலான தாளத்தில் கேட்டு ஆடியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ தெரியாது. கல்யாண மண்டபத்தில் பெண் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைப் போடுகிறார்கள். அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரி இருக்கிறது ஐயா, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று ஒரு தடவை சொல்லப் போய், பெண்வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பாட்டியிடமிருந்து ஒப்பாரி. பெற்றோரிடமிருந்து? இருவரும் ஆசிரியர்கள், அறிவொளி இயக்கத்தில் பங்கெடுத்தவர்கள். அறிவொளி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. 1990-களில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் ராத்திரி எட்டு மணிக்குமேல் கூலிவேலை முடித்து வந்த பெண்கள் திண்ணையிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். பாடப் புத்தகத்தைவிடப் பாட்டும் வீதி நாடகமும்தான் ஆட்களைக் கூட்டி வந்தன. முதல் நாள் 'அ' போடக் கூச்சப்பட்ட அம்மா, மூன்றாவது மாதம் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவார். பாட்டும் எழுத்தும் ஒரே திண்ணையில் உட்கார்ந்த காலம் அது. அந்தத் திண்ணைக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு பையன் ராப் பாடகன் ஆனதில் ஆச்சரியம் என்ன?

ராப் நமக்கு அந்நியம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலைக்காரன் அதைச் சொல்லக் கூடாது. கோயிலுக்குள் வல்லாள மகாராஜா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த ஊரில் கெட்டலைந்த ஒரு இளைஞன், வாழ்க்கை வெறுத்து அந்தக் கோபுரத்தின் மேலிருந்து குதித்தானாம், முருகன் கையில் ஏந்திக்கொண்டானாம், அதற்குப் பிறகு பாட்டாய்க் கொட்டியதாம். அருணகிரிநாதர் கதை. அதுவும் சேற்றில் முளைத்த தாமரைக் கதைதான், கவனித்தீர்களா? விழுந்தவன் எழுந்தான் என்பதை ஊர் ஐந்நூறு வருஷமாகச் சொல்கிறது. அவ்வளவு சந்தத்தையும் அவர் யாரிடம் கற்றார், எந்தக் கொட்டுக்காரனின் கையைப் பார்த்துக் கற்றார் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. முருகன் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே 'தனன தந்தன' என்று சந்தக் குழிப்பு அச்சாகியிருக்கும். சொல் பிறகு, முதலில் அச்சு. எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், எங்கே மெல்லினம் வந்து மோத வேண்டும், எங்கே வல்லினம் வெடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்த அச்சுக்குள் சொற்களை இறக்குவது. ராப் பாடகன் தாளத்தின் மேல் சொற்களை அடுக்கும்போது செய்வதும் இதே கைவேலைதான். மூச்சு வாங்க இடம் எங்கே விடுவது என்ற பிரச்சினை இரண்டு பேருக்கும் பொது. 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்த கிளைவ் கேம்ப்பெல் என்ற இளைஞர் தன் தங்கையின் விருந்துக்கு இசைத்தட்டுகளைச் சுழற்றியதிலிருந்து ஹிப்ஹாப்புக்குப் பிறந்தநாள் கணக்கு வைக்கிறார்கள். பள்ளி திறக்கும்போது புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கத்தான் தங்கை அந்த விருந்தையே வைத்தார். விருந்து நடந்த குடியிருப்பு இருந்த தெருக்களைக் கைவிட்டு நகரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்த நேரம். துணி வாங்கக் காசில்லாத இடத்தில் தாளத்துக்குப் பஞ்சமில்லை. சென்னையில் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் சாவு வீட்டு வாசலில் கானா பிறந்ததும் அப்படித்தான்.

தாளம் எங்கேயும் இருக்கிறது. மேடைதான் எங்கேயும் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். சேரியிலிருந்து ஒரு கவிஞன் வந்தால், துன்பம் அவனைக் கவிஞன் ஆக்கியது என்கிறோம். துன்பம் யாரையும் எதுவாகவும் ஆக்குவதில்லை, பெரும்பாலும் ஆளைத் தின்றுவிடும். பாட்டு அந்த வீட்டில் முன்பே இருந்தது. வாசலில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த மேடையை யாராவது போட்டாக வேண்டும். எங்கள் ஊரில் அதைப் போட்டவர்கள் உண்டு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975-ல் மதுரையில் தொடங்கியது. அதன் கலை இலக்கிய இரவு திருவண்ணாமலையில் பிடித்த வேர் ஆழமானது. பவா செல்லதுரையும் மறைந்த தோழர் கருணாவும் அவர்கள் நண்பர்களும் கடைக்குக் கடை துண்டேந்தி நடத்திய இரவுகள் அவை. மாலை தொடங்கி விடியும் வரை. மேடையில் ஒரு நாவலாசிரியர் பேசி முடித்ததும் பறை அடிக்கும், அடுத்து ஒரு கவிதை, அதற்கடுத்து கூத்து. பனியில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தரையில் சாக்கு விரித்து, பஸ் கிடைக்காதவர்களும் பஸ் கிடைத்தும் போகாதவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சாவுக்கு மட்டும் கூப்பிடப்பட்ட கருவியைத் தோளில் மாட்டியவர்கள், விளக்கு வெளிச்சத்தில் மைக் முன்னால் நின்று கைதட்டு வாங்கியதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், தன் தெரு ஆட்களை மேடையில் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "உக்காருய்யா, மறைக்குது" என்று கத்தினார்கள். அவர் உட்காரவே இல்லை.

இலக்கியத்தில் கருப்புக் குரல் தமிழுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். கவிஞர் இந்திரன் 1982-ல் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' தொகுப்பைக் கொண்டுவந்தார். மெலிசான புத்தகம், தமிழ்க் கவிஞர்களின் ஒரு தலைமுறை அதைக் கைமாற்றிப் படித்தது. மராத்தியில் அதற்குப் பத்து வருஷம் முன்பே நெருப்புப் பற்றியிருந்தது. மும்பை காமாட்டிபுராவின் பாலியல் தொழில் சந்துகளுக்குப் பக்கத்தில் வளர்ந்து, டாக்ஸி ஓட்டிய நாம்தேவ் தசால், 1972-ல் நண்பர்களோடு தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார். பெயரே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்தது. 'கோல்பிட்டா' என்ற அவர் தொகுப்பில் இருந்த மராத்தி, புனே பேராசிரியர்களுக்கே அகராதி தேவைப்பட்ட மராத்தி. தமிழில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித்தான் வெள்ளம் திறந்தது. 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவரை அறிவுக்கு மூத்தவர் என்று நான் கருதுகிறேன். இருவரும் ஒரே மேடையில் ஏறினார்களா என்பது முக்கியமில்லை. பழைய வட ஆற்காட்டின் லாலாப்பேட்டையில் 1973-ல் பிறந்த சுகிர்தராணி. அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. 'கைப்பற்றி என் கனவு கேள்', 'இரவு மிருகம்', 'காமத்திப்பூ', 'தீண்டப்படாத முத்தம்' என்று தொகுப்புகள். 2000-களின் தொடக்கத்தில் பெண்கள் தங்கள் உடலைப் பற்றி எழுதத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் எழுந்த கூச்சல் நினைவிருக்கலாம். அந்தக் கூச்சலுக்கு நடுவே நின்றவர்களில் இவரும் ஒருவர். மற்றவர்களுக்கு ஒரு சுவர் என்றால் இவருக்கு இரண்டு. பெண் என்ற சுவரைத் தாண்டினால் அந்தப் பக்கம் சாதி என்ற சுவர்.

அவர் கவிதை ஒன்றில் ஒரு சிறுமி வருவாள். அப்பா செய்யும் வேலையைப் பள்ளித் தோழிகளிடம் மறைப்பாள், தெருவின் பெயரைச் சொல்லாமல் மழுப்புவாள். வளர்ந்த பிறகு, யாராவது கேட்டால் தானே முந்திக்கொண்டு தன் சாதிப் பெயரைச் சொல்லிவிடுவாள். ஊர் வசவாக வைத்திருக்கும் பெயரையே சொல்வாள். படிக்கும்போது நமக்குத்தான் தூக்கிவாரிப் போடும், அவள் குரலில் நடுக்கமே இருக்காது. மறைத்தது அவமானம் என்றால், சொன்னது பெருமை என்று சுலபமாக எழுதிவிடலாம். எனக்கு அது பெருமையாகவும் படவில்லை. பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் தூக்கி வந்த மூட்டையை வாசலிலேயே இறக்கி வைத்தது மாதிரி இருக்கிறது. தோள் லேசாகிறது.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து இவர் கவிதைகளும் பாமாவின் எழுத்தும் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையும் நீக்கப்பட்டன. லாலாப்பேட்டையில் எழுதிய ஒன்றை டெல்லிக்காரர்கள் வேலை மெனக்கெட்டுத் தூக்கினார்கள் என்றால் அது எங்கேயோ குத்தியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஒரு ஆங்கில நாளிதழ்க் குழுமம் இவருக்கு விருது அறிவித்தது. நிகழ்ச்சிக்கு அதானி குழுமம் பணம் தருகிறது என்று தெரிந்ததும், தன் எழுத்துக்கும் கொள்கைக்கும் அது ஒத்துவராது என்று வேண்டாம் என்றார். சம்பளம் வாங்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் மேடையும் பொன்னாடையும் வேண்டாம் என்று சொல்வது சின்ன விஷயமில்லை. மேடை இல்லாமல் தவித்த தலைமுறையின் பிள்ளை, எந்த மேடையில் ஏறுவது என்று தேர்வு செய்யும் இடத்துக்கு வந்திருக்கிறார்.

அறிவின் மேடை சென்னையில் போடப்பட்டது. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை பாடியது. கானாப் பாடகர்கள், பறை, கிடார், நடுவில் ராப். பெயரின் வேர் பழையது. அயோத்திதாசப் பண்டிதர் நூற்றாண்டுக்கு முன்பே சாதி பேதமற்ற தமிழர் என்ற எண்ணத்தைப் பேசியவர், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தத் தொடங்கியவர். அவர் சொல் கிடார் ஏந்தித் திரும்பி வந்தது. ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்து அதே நீலம் 'மார்கழியில் மக்களிசை' நடத்தியது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் கேன்டீன் ரவா தோசை என்று இருந்த நகரத்தில் ஒப்பாரியும் கானாவும் மார்கழிக்கு உரிமை கேட்டன. சபாக்காரர்கள் எவ்வளவு பேர் போய்க் கேட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான்.

அறிவு 2019-ல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். சினிமா கூப்பிட்டது, போனார், 'மாஸ்டர்' படத்தில் விஜய்க்குப் பாடினார். சினிமாவுக்குப் போனதால் கூர் மழுங்கிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நானும் சொல்ல மாட்டேன், சிலவற்றில் கோபம் தயாராக வாங்கி வந்த கோபமாகத் தெரியும். பாட்டி பாட்டுக்குள் வரும்போது மட்டும் அவர் கை தப்புவதில்லை.

'எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்த வெற்றியிலேயே பழைய கதை மறுபடி நடந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டை அறிவோடு பாடிய தீ இருந்தார், ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். எழுதிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகு அறிவை வைத்து இன்னொரு அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் தானே எழுதியதாக அவர் பதிவிட்டார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும் அவர் பெயரையும் பங்கையும் எப்போதும் சொல்லியே வந்திருப்பதாக விளக்கம் கொடுத்தார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தராசு பிடிக்க நான் அங்கே இல்லை. பாட்டே நிலத்தைப் பற்றியது, உழுதவன் பெயர் பட்டாவில் இல்லை என்பதைப் பற்றியது. அந்தப் பாட்டுக்கே பட்டா யார் பெயரில் என்ற வழக்கு வந்ததைத்தான் மனசு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பெயர் விஷயத்தில் அருணகிரி கொடுத்து வைத்தவர். பாட்டு முடிவில் 'பெருமாளே' என்று முத்திரை. அவர் பாட்டுகள் நானூறு வருஷம் ஓலையிலும் ஓதுவார் வாயிலும் சிதறிக் கிடந்தன. கோர்ட்டில் வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து சேகரித்து, 1894-ல் முதல் பாகத்தை அச்சில் கொண்டுவந்தார். முத்திரை இருந்ததால் பாட்டு வீடு திரும்பியது. களத்துமேட்டிலும் சாவு வீட்டிலும் பாடிய பெண்களின் பாட்டில் முத்திரை கிடையாது. செத்தவன் பெயர் இருக்கும், பாடியவள் பெயர் இருக்காது. 2024-ல் அறிவு தன் புதிய தொகுப்புக்கு வைத்த பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தன் பெயரைப் போடும் இடத்தில் ஆயாவின் பெயரைப் போட்டார்.

இதையெல்லாம் ஊர்க் கதையாகப் பேசிவிட்டுப் படுக்கலாம் என்றால் விடாது. 'எஞ்சாமி' வெளிவந்து ஒரு மாதம், 2021 ஏப்ரலில், தேர்தல் முடிந்த மறுநாள், அரக்கோணம் அருகே சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30-ஆம் தேதி. கலெக்டரும் எஸ்.பி.யும் கூட வர, நூற்றுக்கணக்கான போலீஸ் சுற்றி நிற்க. எண்பது வருஷமாக வெளியே நின்றவர்கள். திருவண்ணாமலை கோபுரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. அன்றைக்குப் பொங்கல் பானையைத் தூக்கி உள்ளே போன பெண்களில் வயசானவர்கள் இருந்தார்கள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சாமியை ஓரத்தில் நின்றே பார்த்தவர்கள். அவர்களுக்கும் பாட்டுத் தெரிந்திருக்கும்.

கிரிவலத்தை முடித்துவிட்டு அதிகாலை நாலு மணிக்கு வண்டி எடுக்கப் போன வழி மறுபடி அந்தக் கடையைத் தாண்டித்தான். கூட்டம் மெலிந்திருந்தது. கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது போல, சொம்பு காலி. பையனுக்குப் பின்னால் ஒரு கிழவி, சாக்கின் மேல் குந்தி, மிஞ்சிய அகல்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். வாங்க வேண்டிய தேவை இல்லாமலே கல்கண்டு வாங்கினேன்.

"அந்தப் பாட்டு யாரு பாடுனது தெரியுமா தம்பி?"

"அறிவு சார். நம்ம பக்கம்தான், அரக்கோணம்."

"நீ பாடுவியா?"

"எனுக்கு எங்க வரும். எங்க ஆயா பாடும் சார். சாவு வூட்டுக்குக் கூப்டுவாங்க. சுத்துப்பட்டுல எல்லா ஊருக்கும் போவும்."

நான் கிழவியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எங்கயாவது எழுதி வச்சிருக்கியா, ஆயா பாட்டை?"

பையன் யோசித்தான். இப்படி ஒருத்தர் கேட்பார் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. "இல்ல சார். அது ஒவ்வொரு வாட்டியும் வேற வேற பாடும்."

"அடப் போடா" என்றார் கிழவி, சுற்றுவதை நிறுத்தாமல். "சார் சில்லறை குடுத்தாரா பாரு."